ஒன்பது டெசிபல்

அச்சகத்தில் அவளைக் காற்புள்ளி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்து நேர அட்டவணை, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற துண்டுத்தாள், பள்ளிக்கூடப் பாடப்புத்தகம் என்று எது அச்சுக்குப் போனாலும் முதலில் அக்காவின் மேசைக்கு வந்தாக வேண்டும். தப்பைக் கண்டால் ஓரத்தில் பென்சிலால் குறிப்பாள். குறித்ததை எழுதினவரிடம் திருப்பி அனுப்பி, அவர் சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது அச்சுக்குப் போகும். எழுதினவருக்குத் தெரியாமல் ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது என்பதில் அக்கா படு கறார். புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் தானாகவே ஒரு வாக்கியத்தை அழகுபடுத்திவிட்டதற்காக அவரை அரை நாள் நிற்க வைத்துத் திட்டியவள் அவள். இருபத்தாறு வருஷம் ஊரார் எழுத்தையெல்லாம் திருத்தியிருக்கிறாள். ஒரு புத்தகத்திலும் அவள் பெயர் வந்ததில்லை. வந்திருந்தால் அதிலும் பிழை இருந்திருக்கும் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவளுடைய வீட்டுக்காரருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. பாம்புக்காது. மேடை நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைக்கிற தொழிலில் அவர் இருபது வருஷம் இருந்தார். அரங்கத்தின் கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றபடியே, "இடது பக்கம் நாலாவது ஸ்பீக்கர்ல ஒரு ஸ்க்ரூ லூசா இருக்கு, போய் முறுக்குங்கப்பா" என்பார். போய்ப் பார்த்தால் லூசாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் "பாம்பு மாமா" என்று கூப்பிட்டுவிட்டு ஓடும். அவருக்கு அதில் கொள்ளைப் பெருமை. நல்ல காது வாய்த்தவர்களுக்கு மற்றவர்கள் எல்லாரும் செவிடர்கள் என்று ஒரு நினைப்பு இருக்கும் அல்லவா, அது அவரிடம் சற்றுத் தூக்கலாகவே இருந்தது.

பெட்டி தூக்கித் தூக்கி ஒரு நாள் அவர் முதுகு போயிற்று. இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்று வைத்தியர் சொன்னதோடு மேடைத் தொழில் முடிந்தது. அதற்குப் பிறகு எட்டு மாசம் அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், தட்டைப் பார்ப்பார், எழுந்து போய்விடுவார். ஒரு பேச்சில்லை. அக்கா அச்சகத்துக்குக் கிளம்பும்போது எந்த நிலையில் படுத்திருந்தாரோ, சாயங்காலம் திரும்பி வரும்போதும் அதே நிலையில் கிடப்பார். அந்த எட்டு மாசத்தைப் பற்றி அக்கா யாரிடமும் பேசியதில்லை. ஆனால் மறந்ததும் இல்லை.

மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனதும் அவளுடைய அறை காலியானது. "இந்த ரூமை நீங்க எடுத்துக்குங்க. உக்காந்த இடத்துல பாட்டு வேலை பாருங்க. பெட்டி தூக்க வேணாம்" என்று சொன்னது அக்காதான். சொன்ன மறுநாளே மனிதர் அளவு நாடாவோடு எழுந்துவிட்டார். மரச்சட்டம் அடித்து, அதற்குள் கம்பளிப் பஞ்சு திணித்து, மேலே படுக்கை விரிப்பைப் போர்த்திச் சுவரெல்லாம் மாட்டினார். வாசலுக்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவு போட்டார். யாரோ முட்டை அட்டை ஒட்டினால் போதுமே என்றதற்கு, "முட்டை அட்டை ஒட்டினா சத்தம் நிக்காது, கோழிதான் வரும்" என்றார். மகளின் துணி அலமாரியைத் திறந்துவைத்து, இரண்டு பக்கமும் கனத்த போர்வைகளைத் தொங்கவிட்டார். பாடுகிறவர்கள் அதற்கு முன்னால் நின்றுதான் பாட வேண்டும். வாய்க்காற்று மைக்கில் மோதாமலிருக்க, எம்ப்ராய்டரி வளையத்தில் அக்காவின் மெல்லிய காலுறையை இழுத்துக் கட்டி முன்னால் மாட்டினார். ஒரு புகழ்பெற்ற பாடகர் அதன் முன்னால் நின்று உருகி உருகிப் பாடியதை நினைத்தால் அக்காவுக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

பதிவு நடக்கும்போது வீட்டில் மின்விசிறி ஓடக் கூடாது, ஃபிரிட்ஜ் ஓடக் கூடாது. நம் காதுக்குக் கேட்காததுகூட மைக்குக்குக் கேட்கும் என்பார். ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறந்துவிடக் கூடாதென்று ஸ்கூட்டர் சாவியை அதற்குள் வைத்துவிடுவார். வெளியே கிளம்பும்போது சாவியைத் தேடினால் ஃபிரிட்ஜ் ஞாபகம் வந்துதானே ஆக வேண்டும்? இப்படி ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு வழி இருந்தது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை புரியாது. கணினித் திரையில் பாட்டு ஓடும்போது, அதில் அடிச்சத்தம் எவ்வளவு, உச்சியில் கேட்கிற கூர்மையான சத்தம் எவ்வளவு என்று மலை மலையாக ஒரு படம் தெரியும். அவர் காலண்டர் அட்டையை வெட்டி, அந்தப் படம் வரும் மூலையில் ஒட்டி மறைத்துவிட்டார். "பாட்டைக் கண்ணால கேக்கிறவன் காதாலதான் சாப்பிடணும்" என்பார். தொழில் கற்றுக்கொண்ட காலத்திலிருந்தே அவருக்கு இது வைராக்கியம்.

வேலை பிரிந்திருந்தது. பாட்டைக் கலந்து முடித்து வைப்பது அவர். அதற்குப் பெயர் வைத்து, கடிதம் எழுதி, உரியவருக்கு இணையத்தில் அனுப்பி வைப்பது அக்கா. "எழுத்து உன்னுது, சத்தம் என்னுது" என்று அவர் எல்லை வகுத்திருந்தார். அக்கா இப்போது மத்தியானம்வரைக்கும்தான் அச்சகம், அப்புறம் வீடு. ஆறு வருஷம் இது நன்றாகவே ஓடியது.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. அக்கா அவர் நாக்குக்கு அடியில் டிஜிட்டல் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு, பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பீப் பீப் என்று அது கத்தியது. அவர் எடுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு சமர்த்தாகக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"எடுங்களேன்" என்றாள்.

இன்னும் அடிக்கவில்லை என்று கையால் சைகை காட்டினார்.

காய்ச்சலில் காது அடைத்திருக்கும் என்று அக்கா விட்டுவிட்டாள். ஆனாலும் மனசுக்குள் ஒரு முள் நின்றது. காய்ச்சல் விட்டு பத்து நாள் கழித்து, தனக்குக் காய்ச்சல் அடிக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு, அதே தெர்மாமீட்டரைத் தன் கக்கத்தில் செருகிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அது கத்தியது. அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கத்தி முடித்தது. அவர் பக்கத்தைத் திருப்பிவிட்டு, "எவ்வளவு காட்டுது? இன்னும் வரலையா?" என்றார்.

அந்த மாசமே விளம்பரத்துக்குப் பாடுகிற பெண் ஒருத்தி வந்தாள். சோப்பு விளம்பரம்.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. பாட்டு முழுக்க சோப்பு, சுத்தம், சுகம்னு வருதா, ஒவ்வொண்ணும் காதுல ஊசி மாதிரி குத்துது."

"உன் போன்ல ஸ்பீக்கர் சரியில்லம்மா."

"மூணு இடத்துல போட்டுக் கேட்டேண்ணா."

"மூணு இடத்துலயும் சரியில்ல. போ, நாளைக்கு அனுப்பறேன்."

அவள் போகும்போது வாசலில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அண்ணன் காதை யார்கிட்டயாவது காட்டச் சொல்லுங்க" என்று மெதுவாகச் சொன்னாள். மெதுவாகச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்பது அக்காவுக்குத் தெரியும்.

அன்றைக்கே அவரிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லத்தான் இருந்தாள். ஆனால் இரண்டு நாள் முன்பு அவருடைய பழைய கூட்டாளி டிரம்ஸ்காரர் வீட்டுக்கு வந்துவிட்டுப் போயிருந்தார். அவருக்குக் காது முக்கால்வாசி போய்விட்டது, ஆனாலும் நிகழ்ச்சிகளில் வாசித்துக்கொண்டிருந்தார், அதுவும் தாளம் தப்பி. அவர் போனதும் பாம்புக்காது சொன்னார்:

"காது போனப்புறமும் பாட்டுக்குள்ள கையை விட்டுக்கிட்டு இருக்கக் கூடாது. அசிங்கம். எனக்கு அப்படி ஆச்சுன்னா அன்னைக்கே இந்த ரூமை விட்டு வெளிய வந்துடுவேன். அப்புறம் என் கால் உள்ள படாது."

சொன்னால் செய்கிற மனிதர். அக்காவின் கண்ணுக்கு முன்னால் அந்தக் கட்டிலும் சுவரும் எட்டு மாசமும் வந்து நின்றன. மறுபடியும் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு வாழ அவளால் முடியாது. அவ்வளவுதான் காரணம், வேறு பெரிய தத்துவம் ஒன்றுமில்லை.

மறுநாள் மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில், அக்கா சோப்புப் பாட்டை அனுப்ப உட்கார்ந்தாள். முதல் தடவையாக அவருடைய ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டை ஓடவிட்டாள். தூக்கிவாரிப் போட்டது. அவ்வளவு சத்தமாக வைத்துக் கேட்டிருந்தார். சத்தத்தைக் குறைத்துக்கொண்டு மறுபடி கேட்டாள். அந்தப் பெண் சொன்னது அப்படியே உண்மை. ஒவ்வொரு சோப்பும் காதைக் கீறியது.

அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஆறு வருஷம் பார்த்தவள். எந்த இடத்தைத் திருகினால் ட்ரெபிள், அதாவது அந்த உச்சியில் கேட்கிற கூர்மையான சத்தம், குறையும் என்று அவளுக்குத் தெரியும். பாட்டுக்கு ஒரு நகல் எடுத்தாள். ட்ரெபிளை ஒரு டெசிபல் இறக்கினாள். கேட்டாள். இன்னொன்று இறக்கினாள். முள் போய்விட்டது. அவர் முடித்து வைத்த பாட்டைக் கணினியில் அப்படியே விட்டுவிட்டு, தன்னுடைய நகலை அனுப்பினாள். எழுதினவரைக் கேட்காமல் அவள் செய்த முதல் திருத்தம் அதுதான்.

சாயங்காலம் அந்தப் பெண் போன் பண்ணினாள். "அண்ணா, இப்ப சூப்பரா இருக்கு!"

"பாத்தியா?" என்று அவர் போனை வைத்துவிட்டு அக்காவிடம் திரும்பினார். "நான் ஒரு முடியைக்கூட அசைக்கல. இவ போன்லதான் கோளாறு." அன்றைக்கு முழுவதும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். சிரித்துவிட்டுக் குளியலறையில் போய் அழுதாள்.

பழைய நோட்டு ஒன்றை எடுத்து, தேதி போட்டு, "சோப்பு – 2" என்று எழுதினாள். ஏன் எழுதினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. திருத்தினால் குறித்து வைக்க வேண்டும், கை பழகிவிட்டது. அடுத்த மாசம் குழந்தைகள் பாட்டு, இரண்டரை. அதற்கடுத்து ஒரு குறும்படம், மூன்று. மற்ற வீடுகளில் சர்க்கரை அளவை எழுதி வைப்பார்கள். இந்த வீட்டில் இது. அவருக்கு எவ்வளவு கேட்கவில்லையோ அவ்வளவு அவர் ஏற்றிவைப்பார், அவர் ஏற்றிய அளவை அக்கா இறக்குவாள். அதனால் அந்த எண் ஒரு தடவையும் குறைந்ததில்லை.

காது வைத்தியரிடம் கூட்டிப்போகவும் பார்த்தாள். தனக்குத்தான் காதுவலி என்று சொல்லி அழைத்துக்கொண்டு போய், "இவருக்கும் ஒரு தடவை பாத்துடுங்களேன்" என்றாள். வைத்தியர் விளக்கடித்துப் பார்த்து உள்ளே சுத்தமாக இருக்கிறது என்றார், பக்கத்து அறையில் கேட்கும் திறனைச் சோதித்துவிடலாம் என்றார். "பீப் கேக்குதான்னு பரீட்சை வைக்கிறதுக்கு நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று இவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "டாக்டரே சொல்லிட்டாரு, கண்ணாடி மாதிரி இருக்காம்" என்று ஒரே பெருமை.

மகள் லீவுக்கு வந்தபோது, தன் குழந்தைக்காக ஒரு தாலாட்டைப் பாடிப் பதிவு செய்தாள். மகளே பாடி அவர் கலந்த ஒரே பாட்டு அது. தான் செய்ததிலேயே அதுதான் உசத்தி என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் போட்டுக் காட்டுவார். போட்டுக் காட்டும்போது கேட்பவர்கள் முகம் லேசாகச் சுளிப்பதை அக்கா பார்த்துக்கொண்டு நிற்பாள். ஊருக்குப் போனபின் மகள் போனில் கேட்டாள்.

"அம்மா, நீ எனக்கு அனுப்பினதும் அப்பா அங்க போட்டுக் காட்டினதும் வேற வேற. என்ன பண்ணின?"

அக்கா சொன்னாள்.

"அப்பாகிட்ட சொல்லிடும்மா."

"சொல்றேன்."

"எப்ப?"

"சொல்றேன்டி" என்று போனை வைத்தாள். அதற்குப் பிறகும் ஒரு வருஷம் சொல்லவில்லை. ஐந்தரை, ஆறரை, எட்டு என்று நோட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தது. வேலையும் முன்னைவிட அதிகமாக வந்தது. பாம்புக்காது கலந்த பாட்டில் ஒரு தனிப் பதம் இருக்கிறது என்று வெளியில் பேச்சு. அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் முகம் மலரும். அந்த மலர்ச்சிக்காகத்தானே இத்தனையும் என்று அக்காவுக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், திருடியைப் போல் குறுகுறுப்பாகவும் இருக்கும்.

இந்த வருஷம் ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு முகப்புப் பாட்டு வந்தது. அக்கா ஒன்பது டெசிபல் இறக்கினாள். அவ்வளவு இறக்கியும் பாட்டு சிதையாமல் நின்றது, ஏனென்றால் மற்றதெல்லாம் அவர் கை. எந்தக் கருவியை எங்கே உட்கார வைப்பது, எந்த இடத்தில் குரலை முன்னால் கொண்டுவருவது என்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பாட்டு நன்றாக ஓடியது. அதற்கு இசையமைத்தவர் நேரிலேயே வந்து பார்க்கிறேன் என்று போன் பண்ணினார்.

அதைத் தட்டிக்கழிக்க அக்கா சாக்குத் தேடிக்கொண்டிருந்தாள். இவரோ தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு காலையிலிருந்தே தயார்.

இசையமைப்பாளர் வந்தார், நாற்பது வயசிருக்கும், பணிவான மனிதர். அறையைச் சுற்றிப் பார்த்தார். வளையத்தில் கட்டியிருந்த காலுறையைப் பார்த்து ரசித்துச் சிரித்தார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். பாட்டுல மேல அந்த மென்மை, அது எப்படி வருது? எங்க இடத்துல எல்லா மெஷினும் இருக்கு. அது மட்டும் வரமாட்டேங்குது."

"மெஷின் இல்ல தம்பி, காது" என்று இவர் தன் காதைத் தொட்டுக் காட்டினார். "உக்காருங்க. அதையே போடறேன், நேர்ல கேளுங்க."

அக்கா டீத் தட்டோடு கதவருகில் வந்துவிட்டாள். நிறுத்த வழியில்லை. அவர் கணினியில் இருந்த தன் பாட்டைத் திறந்து, சத்தமாக ஓடவிட்டார்.

முதல் தாளத் தட்டு விழுந்ததும் இசையமைப்பாளரின் தோள் சுருங்கியது. கண்ணாடிச் சில்லை அள்ளித் தரையில் கொட்டுவதுபோல் இருந்தது. குரல் வந்தபோது அவர் கை தன்னால் காதுப்பக்கம் போய், பாதியில் நின்று, தலைமுடியைக் கோதிக்கொண்டு இறங்கியது. பாட்டு முடிந்தது.

"அண்ணே, நீங்க எனக்கு அனுப்பினது என் போன்ல இருக்கு. அதையும் இதே ஸ்பீக்கர்ல ஒரு தடவை போடலாமா?"

"தாராளமா."

அதுவும் ஓடியது. அறையில் அத்தனை நேரம் இருந்த எரிச்சல் அப்படியே அடங்கி, குரல் இதமாக வந்தது. முடிந்ததும் பாம்புக்காது கையை விரித்துச் சிரித்தார். "பாத்தீங்களா தம்பி? ஒரு மயிரிழை வித்தியாசம் இருக்கா?"

இசையமைப்பாளர் திரும்பி அக்காவைப் பார்த்தார். அக்கா டீயைப் பார்த்தாள்.

"ஆமாண்ணே" என்றார் அவர். "அதேதான்."

கொதிக்கிற டீயை மூன்றே வாயில் குடித்துவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பை இரண்டு தடவை கால் மாற்றிப் போட்டுக்கொண்டு, அக்காவிடம் ஒன்றும் சொல்லாமல் போனார். நல்ல மனிதர். கொஞ்சம் கெட்டவராக இருந்து அங்கேயே சொல்லித் தொலைத்திருந்தால் அக்காவின் வேலை சுலபமாகியிருக்கும்.

அவள் உள்ளே வந்தபோது அவர் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"அவன் ஏன் உன்னைப் பாத்தான்?"

"யாரு?"

"பாட்டு ஓடறப்ப தோளைச் சுருக்கினான். காதை மூடப் போனான். அப்புறம் உன்னைப் பாத்தான். நீ டீயைப் பாத்த. எனக்குக் கண்ணு இருக்கும்மா."

இரண்டரை வருஷமாக ஒத்திகை பார்த்த வார்த்தைகள் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. "நான் ட்ரெபிளைக் குறைச்சு அனுப்பினேங்க" என்றாள்.

"எவ்வளவு?"

"ஒன்பது."

அவர் சிரித்துவிட்டார். "ஒன்பதா? ஒன்பது குறைச்சா பாட்டு கம்பளிக்குள்ள போயிடும். எங்க, போடு பாக்கலாம்."

அவள் தன் நகலைப் போட்டாள். பிறகு அவருடையதைப் போட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மாற்றி மாற்றிப் போடச் சொன்னார். சத்தத்தை ஏற்றச் சொன்னார். இன்னும் ஏற்றச் சொன்னார். முன்னால் குனிந்து ஸ்பீக்கரிடம் முகத்தைக் கொண்டுபோனார். அக்காவுக்குப் பல் கூசியது, பாட்டு அறையைக் கிழித்துக்கொண்டிருந்தது, அவரோ தூரத்தில் யாரோ பேசுவதைக் கேட்க முயல்கிறவரைப் போல் நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

"ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு கெஞ்சலை அவள் கேட்டதே இல்லை.

அவர் எழுந்து, திரையின் மூலையில் ஒட்டியிருந்த காலண்டர் அட்டையைப் பிய்த்தெடுத்தார். இரண்டு பாட்டையும் மறுபடி ஓடவிட்டு அந்தப் படத்தைப் பார்த்தார். அவளுடைய பாட்டில், கூர்மையான சத்தத்தைக் காட்டுகிற வலது கோடி சரிந்து இறங்கியது. அவருடையதில் அதே இடத்தில் ஒரு மலை. எவ்வளவோ நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எப்பத்திலேர்ந்து?"

அக்கா நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். சோப்பிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். நடுவில் விரல் நின்றது.

"தாலாட்டுக்குமா?"

"அஞ்சு."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்போ எல்லாருக்கும் தெரியும்" என்றார். "வர்றவன் போறவன் எல்லாருக்கும் போட்டுக் காட்டினேனே. நீ பக்கத்துல நின்னியே."

"நீங்க ரூமை விட்டுப் போயிடுவீங்கன்னு பயந்தேங்க. மறுபடியும் அந்த மாதிரி படுத்துட்டீங்கன்னா நான் என்ன பண்ணுவேன்?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"உங்க ஆபீஸ்ல தப்பு இருந்தா என்ன பண்ணுவீங்க? ஓரத்துல குறிச்சு, எழுதினவனுக்குத் திருப்பி அனுப்புவீங்க. முன்னப் பின்னத் தெரியாதவனுக்கெல்லாம் அனுப்பியிருக்கே. எனக்கு ஒரு தடவை அனுப்பியிருக்கக் கூடாதா?"

அன்றைக்கு இருவரும் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள், சாப்பாட்டை யாரும் திறந்து பார்க்கவில்லை.

மறுநாள் அவள் அச்சகத்திலிருந்து திரும்பியபோது கட்டில் காலியாக இருந்தது. அறைக்குள் ஸ்பேனர் சத்தம். எட்டிப் பார்த்தாள். அவர் தரையில் மண்டியிட்டு, ஸ்பீக்கர்களைத் தாங்கி நிற்கிற இரும்புக் கால்களின் திருகைத் தளர்த்திக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"வந்து உக்காரு."

"எங்க?"

"நாற்காலியில."

"எனக்கு வேணாங்க. அது உங்க இடம்."

"உக்காருன்னா."

உட்கார்ந்தாள். அவர் அவளுடைய காதையும் ஸ்பீக்கரையும் மாறி மாறிப் பார்த்தார். ஸ்பீக்கரின் மேல்பக்கத்தில் இருக்கிற சின்ன வட்டம் கேட்கிறவர் காதுக்கு நேராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது பொய் சொல்லும் என்றார். அவளைவிட அவர் உயரம். இத்தனை வருஷம் அவை அவர் காதுக்கு நேராக நின்றிருந்தன. இரண்டையும் நாலு விரற்கடை இறக்கினார். "நேரா உக்காரு, கூனாதே" என்றார். வலது ஸ்பீக்கரிலிருந்து அவள் காதுக்கும், இடது ஸ்பீக்கரிலிருந்து அவள் காதுக்கும் அளவு நாடாவை இழுத்துப் பார்த்து, நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினார். மறுபடி அளந்தார். திருகுகளை இறுக்கினார். முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

பிறகு தாலாட்டை, தான் கலந்து வைத்தபடியே, ஓடவிட்டார். பாட்டைக் கேட்க முயலாமல், சுவரில் சாய்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?"

முப்பது வருஷத் தொழிலில் அவர் யாரையும் அப்படிக் கேட்டதில்லை. எப்படி இருக்கிறது என்று மற்றவர்களுக்குச் சொல்லித்தான் பழக்கம். நல்லா இருக்கு என்று சொல்லிவிட அவளுக்கு ஒரு நொடி போதும். நாக்கு நுனிவரை வந்தது.

"மேல குத்துதுங்க" என்றாள்.

"ரொம்பவா?"

"ரொம்ப."

அவர் தலையை ஆட்டினார். "சரி. குறைச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தினார்.

அக்கா பாட்டை நிறுத்தினாள். வெளியே அவர் என்ன செய்கிறார், கட்டிலுக்குப் போனாரா, அங்கேயே நிற்கிறாரா, அழுகிறாரா என்று தெரிந்துகொள்ள மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்துப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. வெளியிலிருந்து ஒரு சத்தமும் வராதபடி அந்த அறையை அவர் அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தார்.